கொம்பும் கோட்டையும் – 9: பல்லக்குக்குள் யார்?

போன வாரம் உங்களைச் சித்தூருக்குப் பக்கத்தில், நரசிங்கராயன்பேட்டைப் பாளையத்தில், ஹைதர் அலியின் கூடார வாசலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். திட்டித் தீர்த்திருப்பீர்கள். வாருங்கள், திரையை விலக்கி உள்ளே போவோம்.

ஹைதர் இறந்துவிட்டார்.

முதுகில் கிளம்பிய ராஜபிளவை ஆளைக் கொண்டுபோய்விட்டது. 1782, டிசம்பர் 7. ஆற்காட்டுச் சீமையை இரண்டு வருடமாக ஆட்டிப்படைத்தவர் அசைவில்லாமல் கிடக்கிறார். வெளியே படை முழுவதும் இருக்கிறது. விஷயம் யாருக்கும் தெரியாது.

தெரிந்த சிலரில் இரண்டு பேர்தான் நமக்கு முக்கியம். பூர்ணையா. கிருஷ்ணராவ். இருவரும் வரவு செலவும் கஜானாவும் பார்ப்பவர்கள். வாள் பிடித்துப் பேர் வாங்கியவர்கள் இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் மைசூர் ராஜ்யம் இவர்கள் கையில்தான் இருந்தது.

நிலைமையைப் பாருங்கள். இந்தப் படை ஹைதர் என்ற ஒற்றை ஆளை நம்பி நிற்கிற படை. மகன் திப்பு இருப்பதோ மேற்குக் கடற்கரையில், பொன்னானிப் பக்கம், வேறொரு இங்கிலீஷ் படையோடு மல்லுக்கட்டிக்கொண்டு. சேதி கசிந்தால் போதும். பாதிப் பேர் ஊருக்குக் கிளம்புவார்கள். மீதிப் பேர் ஆளுக்கொரு ராஜாவைத் தேடுவார்கள்.

விசுவாசம்தான் இவர்களை இயக்கியது என்று எழுதுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். என் ஊகம் கொஞ்சம் வேறு. புது ராஜா குறுக்கு வழியில் வந்தால் முதலில் உருளுவது கஜானாச் சாவி வைத்திருப்பவன் தலை. அது பூர்ணையாவுக்குத் தெரியாதா என்ன?

ஒரு பெரிய பெட்டி வந்தது.

உடலை அதில் வைத்தார்கள். வாசனைப் பொருட்களைக் கொட்டி நிரப்பினார்கள். வழக்கமாகக் கஜானாப் பணம் எப்படிப் போகுமோ அப்படி, காவலோடு, கோலாருக்கு அனுப்பிவிட்டார்கள். வழியில் பார்த்தவர்கள் பணம் போகிறது என்றே நினைத்தார்கள்.

மறுபடி பாளையம். வைத்தியர்கள் வருகிறார்கள், போகிறார்கள். உத்தரவுகள் வழக்கம்போல வெளியே வருகின்றன. திப்பு வரும் திசையில் படை நகர்ந்தபோது ஹைதரின் பல்லக்கும் நகர்ந்தது. திரை இழுத்து மூடிய பல்லக்கு. சுற்றி எப்போதும் வருகிற பரிவாரம். நோயாளியின் தூக்கம் கலையக் கூடாதென்று எல்லோரும் எட்டியே நடந்தார்கள்.

காலிப் பல்லக்கு!

ஆனாலும் ஒருவன் மோப்பம் பிடித்துவிட்டான். முகம்மது அமீன், ஹைதரின் உறவுக்காரன், குதிரைப்படைத் தளபதி. திப்புவின் தம்பி அப்துல் கரீமை உட்காரவைத்துவிட்டுத் தானே ஆளலாம் என்று கணக்குப் போட்டான். பக்‌ஷி ஷம்சுத்தீன் கூட்டு. ஒரு பிரெஞ்சு அதிகாரியும் கூட்டு. ரகசியம் காத்தவர்கள் இவர்களை அவசர ஆலோசனை என்று சொல்லி வரவழைத்து விலங்கு மாட்டிவிட்டார்கள். யாருடைய உத்தரவு?

ஹைதரின் உத்தரவாம்!

இது மாட்டுக் கதைத் தொடர், மாடு எங்கே என்று வாரா வாரம் கேட்கிறவர்கள் உண்டு. இதோ, சென்னைக்கு வாருங்கள்.

எவ்வளவு மூடினாலும் இங்கிலீஷ்காரர்களின் கோட்டைக்கு வாடை போய்விட்டது. கவர்னர் மெக்கார்ட்னி துள்ளிக் குதித்தார். தலையில்லாத படை கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. அடிக்க இதைவிட நல்ல நேரம் வருமா? சேனாபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டைக் கூப்பிட்டுக் கிளம்பச் சொன்னார்.

ஸ்டூவர்ட் கிளம்பவில்லை.

ஹைதர் செத்தார் என்பதையே நம்ப மறுத்தார். செத்திருந்தாலும் படை தயாராகிறபோது தயாராகும் என்றார். இந்த ஸ்டூவர்ட் லேசுப்பட்டவர் இல்லை. 1776-ல் இதே சென்னையில் கவர்னர் பிகாட்டையே கைது செய்தவர். 1781-ல் பொள்ளிலூர்ச் சண்டையில் ஒரு காலைப் பறிகொடுத்தவர். கவர்னர் சொல்லி நான் ஓடுவதா என்ற வீம்பு நிச்சயம் இருந்தது. ஆனால் வீம்பை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது. அவர் சொன்ன சாக்கில் பாதி உண்மை.

அரிசி இல்லை. மாடு இல்லை.

பீரங்கியை இழுக்க எருது வேண்டும். குண்டு, மருந்து, மூட்டை, கூடாரம் எல்லாவற்றுக்கும் எருது வேண்டும். ஆற்காட்டுச் சீமையின் மாடுகளை ஹைதரின் குதிரைக்காரர்கள் முன்னமே ஓட்டிப்போய்விட்டார்கள். மிச்சத்தைப் பஞ்சம் தின்றுவிட்டது. இங்கிலீஷ் கும்பினிக்குக் கிடைத்தது கான்ட்ராக்டில் வந்த வாடகை மாடு. வண்டி மாடு, ஏர் மாடு, எலும்பு துருத்திய கிழட்டு மாடு எல்லாம் கலந்து வரும். ஜெனரல் ஒரே ராத்திரியில் ஆள் சேர்க்கலாம், கடன் வாங்கலாம். எருதை அப்படி வாங்க முடியாது. அது தாத்தா காலத்திலேயே தொடங்கியிருக்க வேண்டிய வேலை.

மைசூரில் அந்த வேலை தாத்தா காலத்திலேயே தொடங்கியிருந்தது. நூறு வருடத்துக்கு முன்பு சிக்கதேவராஜ உடையார் வைத்த வெண்ணெய்ச் சாவடியை அத்தியாயம் 3-ல் பார்த்தோமே, அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் கொடுத்த அந்த மந்தைதான் ஹைதர் கைக்கு வந்ததும் பீரங்கி இழுக்கிற மந்தையாக மாறியது. ஹள்ளிகார், ஹகலவாடி, சித்ரதுர்கா என்று மூன்று வழி மாடுகள். வெயில் காலத்துக்கு ஒரு மேய்ச்சல் நிலம், மழைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. பசுவைக் கறப்பதில்லை. மடியில் உள்ளது அத்தனையும் கன்றுக்கு. கொட்டில் கிடையாது; வெட்டவெளியிலேயே பிறந்து வளரும். பாதிக் காட்டுப் பிராணி. பொறுக்கியெடுத்த காளைகளைப் பொலிக்கு விட்டுவிட்டு மீதியைக் காயடித்துப் பழக்குவார்கள். பழக்கப் போகிறவனுக்கு உயிர் மேல் ஆசை இருக்கக் கூடாது. கொம்பைப் பார்த்தாலே தெரியும்: பின்னால் சாய்ந்து நீண்டு, ஊசி நுனியாக.

அப்படி வளர்ந்த மாடு என்ன செய்யும்? சிதம்பரத்துக்கு உதவி தேவை என்றதும் நூறு மைலை இரண்டரை நாளில் கடந்தது ஹைதரின் படை. பரங்கிப்பேட்டையில் 1781-ல் அவர் தோற்றார்; ஆனால் பீரங்கிகளை எதிரியின் கண்ணெதிரேயே இழுத்துக்கொண்டு போய்விட்டன எருதுகள். ஜெயித்த அன்றைய இங்கிலீஷ் சேனாபதி அயர் கூட்டுக்குத் துரத்த மாடு இல்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

இன்னொரு மாட்டையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. சித்தூரிலிருந்து கோலார் மேட்டுக்கு ஏறினால் வழியில் பலமநேர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் புங்கனூர். அந்த ஊர்ப் பசு நின்றால் 70 முதல் 90 சென்டிமீட்டர்தான். மனிதன் இடுப்புக்குக்கூட வராது. வறட்டுப் புல்லைத் தின்று ஏழை வீட்டுக் கொல்லையில் கெட்டியான பால் கொடுக்கும். பக்கத்துப் பக்கத்துச் சீமைகள்தான். ராஜாவின் தேவை ஒரு மாட்டை உருவாக்கியது. குடியானவன் தேவை இன்னொன்றை. ராஜாவின் மாட்டுக்கு உத்தரவு, மேய்ச்சல் நிலம், சேவகர்கள். புங்கனூர்ப் பசுவுக்கு யாருமில்லை. பின்னாளில் அது அற்றுப்போகிற நிலைக்கு வந்து, பலமநேர் கால்நடை ஆராய்ச்சிப் பண்ணை தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. அந்தக் கதைக்குத் தனி அத்தியாயமே வைத்திருக்கிறேன், பொறுங்கள்.

பல்லக்குக்கு வருவோம்.

ஸ்டூவர்ட் படையை நகர்த்தி வந்தவாசிப் பக்கம் போனபோது பிப்ரவரி ஆகிவிட்டது. அதற்குள் பொன்னானியிலிருந்து திப்பு பாய்ந்து வந்து சேர்ந்துவிட்டார். படை கலையவில்லை. கஜானா குறையவில்லை. பல்லக்குத் திரையை இனி விலக்கலாம்.

அப்பா விட்டுப்போன சொத்தில் திப்பு அதிகம் கொஞ்சியது மாட்டைத்தான் என்று தோன்றுகிறது. வெண்ணெய்ச் சாவடிக்கு அமிர்த மகால் என்று பெயர் மாற்றினார். மாட்டை எப்படி வளர்ப்பது, எப்படிப் பழக்குவது என்று சட்டமே எழுதிவைத்தார். வருடா வருடம் மந்தையை நேரில் வந்து எண்ணிப் பார்த்து, நன்றாக வளர்த்தவர்களுக்குப் பரிசு கொடுத்தார்.

1799. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு கோட்டை வாசலில் கிடந்தார்.

மாடு இல்லாமல் சித்தூர்ப் பக்கம் போக முடியாமல் தவித்த அதே கும்பினியின் கையில் இப்போது தென்னாட்டின் ஒசத்தியான மந்தை. என்ன செய்தார்கள்? பொன்னாக வைத்துக் காத்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. மைசூர் அரசே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த அரசின் திவான் யார் தெரியுமா?

பூர்ணையா. சாட்சாத் அதே பூர்ணையா!

காலிப் பல்லக்கை வைத்தே ஒரு படையைக் கட்டிக்காத்த மனிதர். ஆனால் 1813-ல் கும்பினி மந்தையைத் திரும்ப வாங்கிப் பார்த்தபோது எண்ணிக்கை சரிந்திருந்தது, ஜாதி கெட்டிருந்தது. ராஜாவின் சாவையே ஒளித்தவர் கண்ணுக்குத் தெரியாமலா இது நடந்தது? தெரிந்தே விட்டாரா? விட்டிருந்தால், யாருக்கு எதிராக?

அடுத்த வாரம் பூர்ணையாவையே கேட்டுவிடுவோம்.

(தொடரும்)