காலியிடம் இருந்தும் கொள்ளாத கோப்பு

ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய வாரத்தில் மடிக்கணினி முடங்கிப்போவது ஆய்வு மாணவர்களுக்குப் புதிதன்று. நண்பரின் கணினியில் விண்டோஸ் நிறுவல் கோப்புகளைத் தரவிறக்கி, 16 ஜிபி பென்டிரைவில் நகலெடுக்கத் தொடங்குவோம். இடையில் ஒரு பிழைச்செய்தி தோன்றும்: சேருமிடத்தின் கோப்பு முறைமைக்கு இக்கோப்பு மிகப் பெரியது. பென்டிரைவிலோ 10 ஜிபிக்கு மேல் காலியாகக் கிடக்கும். பென்டிரைவ் பழுதாகிவிட்டது என்று கருதிப் புதிதாக ஒன்றை வாங்குவோரும் உண்டு. பெரும்பாலும் அதிலும் இதே செய்திதான் வரும். குறை பென்டிரைவிலும் இல்லை, பயன்படுத்துபவரிடமும் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு முடிவின் எச்சம் அது.

1977ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மார்க் மெக்டொனால்ட் நெகிழ்வட்டுகளுக்காக ஃபேட் என்னும் கோப்பு முறைமையை உருவாக்கினார். ஒரு கோப்பின் துண்டுகள் வட்டில் எங்கெங்கே உள்ளன என்பதை ஓர் அட்டவணையில் குறித்துவைப்பதே அதன் அடிப்படை. 1981இல் ஐபிஎம் தனிநபர் கணினியுடன் வந்த டாஸ் இயங்குதளம் இம்முறைமையைக் கையாண்டது. அதில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் அளவுள்ள ஒரு பதிவு உண்டு. கோப்பின் பெயர், தேதி முதலியவற்றோடு அதன் அளவும் அங்கே எழுதப்படும். அளவை எழுத ஒதுக்கப்பட்டவை 4 பைட்டுகள். அவற்றில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. அதாவது, 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு.

இதைக் குறுகிய பார்வை என்று பழிக்க இயலாது. அன்றைய நெகிழ்வட்டின் கொள்ளளவு 160 கேபி. ஏறத்தாழ 26,000 வட்டுகளை நிரப்பும் கோப்புக்கும் அந்த 4 பைட்டுகள் போதுமானவையாக இருந்தன.

1996இல் விண்டோஸ் 95இன் திருத்தப் பதிப்போடு ஃபேட்32 வந்தது. பெருகிவந்த வன்வட்டுகளுக்கு ஏற்ப அட்டவணை விரிந்தது. கோப்பின் அளவை எழுதும் இடம் மட்டும் அதே 4 பைட்டுகளாக நின்றது. 2000ஆம் ஆண்டில் ஐபிஎம் விற்ற பென்டிரைவின் கொள்ளளவே 8 எம்பிதான். ஆகவே அவ்வரம்பு யார் கண்ணிலும் படவில்லை. அதற்குள் கேமரா, தொலைக்காட்சி, கணினி என எல்லாக் கருவிகளும் படிக்கவல்ல பொது முறைமையாக ஃபேட் மாறிவிட்டது. கணினியைத் தொடக்கும் யுஇஎஃப்ஐ தரநிலையும் ஃபேட் முறைமையைப் படிக்கும் திறனைக் கட்டாயமாக்கியது. மறுபுறம், விண்டோஸின் முதன்மை நிறுவல் கோப்பான இன்ஸ்டால்.விம் 4 ஜிபியைத் தாண்டி வளர்ந்தது. இவ்விரண்டும் மோதும் இடத்தில்தான் நம் பிழைச்செய்தி பிறக்கிறது.

தமிழில் 'மரம்' என்பதுடன் 'ஐ' சேரும்போது 'மரத்தை' என்றாகிறது. இடையில் வரும் 'அத்து' என்னும் சாரியைக்குத் தனிப்பொருள் இல்லை. இணைப்பதே அதன் பணி. ஃபேட் இன்றும் நிலைத்திருப்பதும் இவ்வாறே. மிகச் சிறந்தது என்பதனால் அன்று, வேறுபட்ட கருவிகளை இணைக்கிறது என்பதனால் அது நீடிக்கிறது.

2006இல் அறிமுகமான எக்ஸ்ஃபேட் முறைமையில் இந்த 4 ஜிபி தடை இல்லை. எனவே பலர் பென்டிரைவை அதற்கு மாற்றுகின்றனர். கோப்பு முழுமையாக நகலாகிவிடும். ஆனால் யுஇஎஃப்ஐ எக்ஸ்ஃபேட்டைக் கட்டாயமாக்கவில்லை என்பதால், பல கணினிகள் அப்பென்டிரைவிலிருந்து தொடங்கா. தொடர்பற்றதாகத் தோன்றும் இந்த இரண்டாம் பிழைக்கும் வேர் ஒன்றே. பென்டிரைவை ஃபேட்32 ஆகவே வைத்துக்கொண்டு, விண்டோஸிலேயே உள்ள டிஸ்ம் கருவியால் அப்பெரிய கோப்பை 4 ஜிபிக்குக் குறைந்த துண்டுகளாகப் பிரிப்பது நேரான வழி. இன்ஸ்டால்.எஸ்டபிள்யூஎம் எனத் தொடங்கும் அத்துண்டுகளை மூலக்கோப்பு இருந்த அதே உறையில் இட்டால், நிறுவல் நிரல் தானே அவற்றைச் சேர்த்துப் படித்துக்கொள்ளும்.

இவ்வரலாற்றை அறியாமல் பதற்றத்தில் நாம் செய்யும் முதல் வேலை, கையில் அகப்பட்ட பென்டிரைவை ஃபார்மேட் செய்வது. களப்பணி செய்வோரின் பென்டிரைவில் பெரும்பாலும் குரல்பதிவுகள் இருக்கும். இயங்குதளத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுவலாம். எண்பது வயதைக் கடந்த தகவலாளி ஒருவர் சொன்ன கதையை மறுமுறை பதிவுசெய்யும் வாய்ப்பு எப்போதும் வாய்க்காது. ஆகவே நண்பர்களே, பிழைச்செய்தியைக் கண்டதும் ஃபார்மேட் பொத்தானை அழுத்தாதீர்கள். முதலில் பதிவுகளை வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.