நெப்ராஸ்கா: 20 ஆண்டுகளுக்குள் 5 பயிற்சியாளர்களை நீக்கிய கல்லூரிக் கால்பந்து அணி; ஆறாவது நபரைத் தேடியது எப்படி?

லிங்கன் (நெப்ராஸ்கா): அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம், தனது கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஸ்காட் ஃபிராஸ்ட்டை 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி பதவியிலிருந்து நீக்கியது. இன்னும் 20 நாள்கள் பொறுத்திருந்து அக்டோபர் 1ஆம் தேதி நீக்கியிருந்தால், அவருக்கு வழங்க வேண்டிய இழப்பீடு 75 லட்சம் டாலராகக் குறைந்திருக்கும். அதுவரை காத்திராமல், அதைப்போல் இரு மடங்கான 1.5 கோடி டாலரை (அன்றைய மதிப்பில் சுமார் 120 கோடி ரூபாய்) கொடுத்து அவரை அனுப்பி வைத்தது பல்கலைக்கழகம். அந்த சீசனில் அப்போது மூன்று ஆட்டங்கள் மட்டுமே முடிந்திருந்தன.

ஒரு கல்லூரி அணியின் பயிற்சியாளருக்காக இவ்வளவு பணமா என்ற வியப்பு இந்திய வாசகர்களுக்கு எழுவது இயல்பே. நம் நாட்டில் ஒரு பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் யார் என்பது அங்கு படிக்கும் மாணவர்களுக்கே பெரும்பாலும் தெரியாது. நெப்ராஸ்காவில் நிலைமை முற்றிலும் வேறு.

மாநிலத்தின் மூன்றாவது பெரிய 'நகரம்': இங்கு கால்பந்து என்று குறிப்பிடப்படுவது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்து. சுமார் 20 லட்சம் மக்கள் வாழும் வேளாண் மாநிலமான நெப்ராஸ்காவில் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் அணி எதுவும் இல்லை. எனவே மாநிலத்தின் விளையாட்டு ஆர்வம் முழுவதும் பல்கலைக்கழக அணியின் மீதே குவிந்திருக்கிறது. அணியின் பெயரே 'கார்ன்ஹஸ்கர்ஸ்', அதாவது மக்காச்சோளக் கதிரின் உறையை உரிப்பவர்கள்.

தலைநகர் லிங்கனில் உள்ள மெமோரியல் மைதானத்தில் 80 ஆயிரத்துக்கும் அதிகமானோர் அமர்ந்து ஆட்டத்தைக் காண முடியும். ஆட்ட நாளன்று ஒமாஹா, லிங்கன் ஆகிய நகரங்களுக்கு அடுத்தபடியாக மாநிலத்தில் அதிக மக்கள் கூடியிருக்கும் இடம் இந்த மைதானம்தான். 1962ஆம் ஆண்டு நவம்பர் முதல் இங்கு நடைபெற்ற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நுழைவுச்சீட்டுகள் முழுமையாக விற்றுத் தீர்ந்ததாகப் பல்கலைக்கழகம் கணக்கு வைத்திருக்கிறது. அணி தோற்றுக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் இந்தத் தொடர்ச்சி அறுபடவில்லை.

40 ஆண்டு வெற்றி, அதன் சுமை: அந்த 1962இல்தான் பாப் டெவேனி பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் அவர் தேசியப் பட்டங்களை வென்று தந்தார். அவரைத் தொடர்ந்து 1973 முதல் 1997 வரை 25 ஆண்டுகள் பொறுப்பில் இருந்த டாம் ஆஸ்போர்ன் 255 வெற்றிகளையும், 1994, 1995, 1997 ஆகிய ஆண்டுகளில் மூன்று தேசியப் பட்டங்களையும் குவித்தார். 1962 முதல் 2001 வரை 40 ஆண்டுகளில் ஒரு சீசனில்கூட தோல்விகள் வெற்றிகளை எட்டியதில்லை.

இந்தச் சாதனையே பின்னர் வந்தவர்களுக்கு அளவுகோலாயிற்று. ஆஸ்போர்னின் உதவியாளராக இருந்து பொறுப்பேற்ற ஃபிராங்க் சோலிச், 2001 சீசனில் அணியைத் தேசியப் பட்டத்துக்கான ஆட்டம் வரை கொண்டு சென்றார். எனினும் 2003ஆம் ஆண்டு 9 வெற்றி, 3 தோல்வி என்ற நிலையில் நீக்கப்பட்டார். சராசரி அணியாகத் தேங்கிவிடக் கூடாது என்பதே நிர்வாகத்தின் வாதம். அடுத்து வந்த பில் காலஹனின் முதல் சீசனிலேயே (2004) அணி 5 வெற்றி, 6 தோல்வி என்று சரிந்தது. 1961க்குப் பிறகு தோல்விகள் மிகுந்த முதல் சீசன் அது. 2007இல் அவரும் நீக்கப்பட்டார்.

போ பெலினியின் கதை இன்னும் விசித்திரமானது. 2008 முதல் 2014 வரை ஏழு சீசன்களிலும் குறைந்தது 9 வெற்றிகளை அவர் பெற்றுத் தந்தார். ஆனால் பெரிய ஆட்டங்களில் அணி மோசமாகத் தோற்றது. ரசிகர்களை அவர் வசைபாடிய ஒலிப்பதிவு ஒன்றும் 2013இல் வெளியானது. 2014 இறுதியில், சோலிச்சைப் போலவே 9 வெற்றி, 3 தோல்வி என்ற கணக்கோடு அவர் வெளியேற்றப்பட்டார். அதன் பின் 10 ஆண்டுகள் கடந்தும் அந்த 9 வெற்றிகளை ஒரே ஒரு முறைதான் (2016) அணியால் எட்ட முடிந்தது என்பதை நோக்கும்போது, அந்த முடிவின் விலை புலப்படும். மைக் ரைலி மூன்று சீசன்களில் 19 வெற்றி, 19 தோல்வியுடன் 2017இல் விடைபெற்றார்.

களமும் இதற்கிடையே மாறியிருந்தது. 2011இல் நெப்ராஸ்கா 'பிக் 12' கூட்டமைப்பிலிருந்து விலகி 'பிக் டென்' கூட்டமைப்பில் இணைந்தது. வருவாய் பெருகியது; ஆனால் திறமையான பள்ளி வீரர்கள் நிறைந்த டெக்சாஸ் மாநிலத்தில் ஆண்டுதோறும் ஆடும் வாய்ப்பு போயிற்று. 20 லட்சம் மக்கள்தொகைக்குள் மட்டும் தேடி தேசியத் தரத்தில் ஓர் அணியைக் கட்ட இயலாது. வெளிமாநில இளைஞர்களை லிங்கனுக்கு வரவழைத்தே ஆக வேண்டும். தலைமைப் பயிற்சியாளரின் முதல் வேலை வியூகம் வகுப்பதல்ல, 17 வயது இளைஞர்களின் வீடுகளுக்குச் சென்று பெற்றோரை இசையச் செய்வதே என்று சொன்னாலும் மிகையாகாது.

சொந்த மண்ணின் மகன்: 2017 டிசம்பரில் ஃபிராஸ்ட் நியமிக்கப்பட்டபோது மாநிலமே கொண்டாடியது. லிங்கனில் பிறந்து, வுட் ரிவர் என்ற சிற்றூரில் வளர்ந்தவர் அவர். ஆஸ்போர்னின் 1997 பட்டம் வென்ற அணியின் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை வழிநடத்தும் வீரர். முந்தைய பயிற்சியாளரின் காலத்தில், 2015இல் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாத மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக அணியை, இரண்டே ஆண்டுகளில் 13 ஆட்டங்களிலும் வென்ற அணியாக மாற்றிக் காட்டியவர். இதைவிடப் பொருத்தமான தேர்வு இருந்திருக்க முடியாது என்றே அன்று எவரும் கூறியிருப்பர்.

2018இல் தொடர்ச்சியாக 6 தோல்விகளுடன் அவரது காலம் தொடங்கியது. 2021ஆம் ஆண்டு நிகழ்ந்தது புள்ளிவிவர ஆர்வலர்களையே திகைக்க வைத்தது. அந்த சீசனில் 3 வெற்றி, 9 தோல்வி. அந்த ஒன்பது தோல்விகளும் 9 அல்லது அதற்கும் குறைவான புள்ளி வித்தியாசத்தில் ஏற்பட்டவை. சீசன் முழுவதையும் கூட்டிப் பார்த்தால், எதிரணிகளைவிட நெப்ராஸ்காவே அதிகப் புள்ளிகள் எடுத்திருந்தது! ஃபிராஸ்ட்டின் காலம் முழுவதிலும், 8 அல்லது அதற்கும் குறைவான புள்ளிகளில் முடிவான ஆட்டங்களில் 5 வெற்றி, 22 தோல்வி. துரதிர்ஷ்டம் என்று இதைத் தள்ளிவிட இயலாது. உதைக்கும் பிரிவின் பிழைகள், தேவையற்ற தண்டனைகள், இறுதி நிமிடங்களில் தவறான முடிவுகள் ஆகியவை ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் தலைதூக்கின.

அந்த நவம்பரில் விளையாட்டுத் துறை இயக்குநர் டிரெவ் ஆல்பர்ட்ஸ் அவரை நீக்கவில்லை. ஆல்பர்ட்ஸும் இதே அணியின் முன்னாள் நட்சத்திரமே. ஆண்டு ஊதியம் 50 லட்சம் டாலரிலிருந்து 40 லட்சம் டாலராகக் குறைக்கப்பட்டது. 2022 அக்டோபர் 1 முதல் இழப்பீட்டுத் தொகை பாதியாகக் குறையும் என்ற விதியும் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டது. இன்னொரு வாய்ப்பு, அதே வேளையில் மலிவான விடைபெறலுக்கான ஏற்பாடு.

பொறுமை இழந்த செப்டம்பர்: அயர்லாந்தின் டப்ளின் நகரில் நடைபெற்ற 2022 சீசனின் முதல் ஆட்டத்தில் நார்த்வெஸ்டர்ன் அணிக்கு எதிராக 28-17 என முன்னிலை வகித்தபோது, பந்தைக் குறுகிய தூரம் உதைத்துத் தானே மீட்டெடுக்க முயலும் 'ஆன்சைடு கிக்' உத்தியை ஃபிராஸ்ட் கையாண்டார். முயற்சி பலிக்கவில்லை, ஆட்டம் 28-31 எனக் கைநழுவியது. அந்த சீசன் முழுவதிலும் நார்த்வெஸ்டர்ன் பெற்ற ஒரே வெற்றி அதுதான்.

செப்டம்பர் 10ஆம் தேதி ஜார்ஜியா சதர்ன் என்ற சிறிய அணியிடம் சொந்த மைதானத்திலேயே 42-45 எனத் தோல்வி. அதற்கு முன் இம்மைதானத்தில் 35 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் எடுத்த 214 ஆட்டங்களிலும் நெப்ராஸ்கா வென்றிருந்தது. மறுநாளே நீக்க அறிவிப்பு வெளியானது. ஃபிராஸ்ட்டின் மொத்தக் கணக்கு: 16 வெற்றி, 31 தோல்வி.

75 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய நாள்கள்: கூடுதல் செலவுக்குக் காரணம் கோபம் மட்டுமன்று, கல்லூரிக் கால்பந்தின் நாட்காட்டியும் கூடத்தான். வழக்கமான சீசன் நவம்பர் இறுதியில் முடிவடைகிறது. அந்த ஆண்டு, வீரர்கள் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற விருப்பம் பதிவு செய்யும் 'டிரான்ஸ்பர் போர்ட்டல்' டிசம்பர் 5ஆம் தேதி திறந்தது. பள்ளி வீரர்கள் ஒப்பந்தம் கையெழுத்திடும் நாள்கள் டிசம்பர் 21 முதல் தொடங்கின. இந்தச் சில வாரங்களுக்குள் புதிய பயிற்சியாளர் பொறுப்பேற்று, இருக்கும் வீரர்களைத் தக்கவைத்து, புதியவர்களையும் ஈர்த்தாக வேண்டும். 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்கு அளித்துப் பணம் ஈட்ட அனுமதிக்கப்பட்டதால் இந்தப் போட்டி மேலும் கடுமையாகியிருந்தது.

பதவியில் ஒருவர் இருக்கையில் அடுத்தவரை வெளிப்படையாகத் தேட முடியாது. அந்த இலையுதிர் காலத்தில் தேடலில் இறங்கியதும் நெப்ராஸ்கா மட்டுமன்று. அரிசோனா ஸ்டேட், ஜார்ஜியா டெக், கொலராடோ, விஸ்கான்சின், ஆபர்ன் எனப் பயிற்சியாளர் பணியிடங்கள் அடுத்தடுத்து காலியாகின. முதலில் களமிறங்குவதற்கு ஒரு விலை உண்டு. அதைச் செலுத்தும் வசதியும் கண்ணுக்குத் தெரிந்தது. ஃபிராஸ்ட் நீக்கப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான், 700 கோடி டாலருக்கும் அதிகமான மதிப்புள்ள ஏழாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தை 'பிக் டென்' கூட்டமைப்பு அறிவித்திருந்தது.

இடைக்காலப் பயிற்சியாளராக, இதே அணியின் முன்னாள் குவார்ட்டர்பேக் மிக்கி ஜோசப் பொறுப்பேற்றார். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் எந்த விளையாட்டிலும் தலைமைப் பயிற்சியாளரான முதல் கறுப்பினத்தவர் அவர். ஒன்பது ஆட்டங்களில் மூன்றில் வெற்றி. அவற்றில் இறுதியானது, ஏழு ஆண்டுகளாகத் தொடர்ந்து தோற்று வந்த அயோவா அணிக்கு எதிராக அதன் மைதானத்திலேயே 24-17 எனப் பெற்றது.

அதற்கு மறுநாள், நவம்பர் 26ஆம் தேதி, நிரந்தரப் பதவிக்கு மேட் ரூல் அறிவிக்கப்பட்டார்.

மண்ணுக்கு அந்நியர்: ரூல் நெப்ராஸ்காவில் ஆடியவரும் அல்ல, பணியாற்றியவரும் அல்ல. அவரது தகுதி வேறு வகையானது. டெம்பிள் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டில் 2 வெற்றி, 10 தோல்வி. மூன்றாம் ஆண்டில் 10 வெற்றி. பேய்லர் பல்கலைக்கழகத்தில் 1 வெற்றி, 11 தோல்வியில் தொடங்கி மூன்றாம் ஆண்டில் 11 வெற்றி. சரிந்த அணிகளை மூன்று ஆண்டுகளில் நிமிர்த்தியவர் என்ற பெயர் இவ்வாறு கிடைத்தது. தொழில்முறை அணியான கரோலினா பாந்தர்ஸ் மட்டும் அவருக்குக் கைகூடவில்லை. 2022 அக்டோபர் 10ஆம் தேதி அங்கிருந்து நீக்கப்பட்டார். அந்த நீக்கமே நெப்ராஸ்காவுக்கு வாய்ப்பாயிற்று. வேறு அணியில் சீசன் முடியக் காத்திருக்க வேண்டிய நிலையில் அவர் இல்லை.

எட்டு ஆண்டுகளுக்கு 7.4 கோடி டாலர் (அன்றைய மதிப்பில் சுமார் 600 கோடி ரூபாய்) ஒப்பந்தம். மூன்றாம் ஆண்டில் பலன் தருபவர் என்று நம்பி ஒருவரை அழைத்துவிட்டு முதல் இரண்டு ஆண்டுகளில் பொறுமை இழக்க முடியாது என்பதை இந்தக் கால அளவே உணர்த்துகிறது.

2023இல் அந்தப் பொறுமை உடனே சோதிக்கப்பட்டது. 5 வெற்றி, 3 தோல்வி என்றிருந்த அணி, சீசனுக்குப் பிந்தைய 'பவுல்' ஆட்டத்துக்குத் தகுதி பெற இன்னும் ஒரு வெற்றியே தேவைப்பட்ட நிலையில், எஞ்சிய நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. மூன்று தோல்விகள் 3 புள்ளிகளில். மற்றொன்று கூடுதல் நேரத்தில் 7 புள்ளிகளில். ஃபிராஸ்ட் காலத்துக் கணக்கே திரும்பி வந்ததுபோல் இருந்தது. இம்முறை எவரும் நீக்கப்படவில்லை.

அடுத்த ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி நியூயார்க்கின் யாங்கி மைதானத்தில் நடைபெற்ற 'பின்ஸ்டிரைப் பவுல்' ஆட்டத்தில் பாஸ்டன் கல்லூரி அணியை நெப்ராஸ்கா 20-15 என வென்றது. 2016க்குப் பிறகு அது ஆடிய முதல் பவுல் ஆட்டம் அதுவே. 7 வெற்றி, 6 தோல்வியுடன் சீசனும் முடிந்தது. சோலிச்சையும் பெலினியையும் 9 வெற்றிகளுக்குப் பின் வெளியேற்றிய அதே மாநிலத்தில், அந்த 7 வெற்றிகள் கொண்டாடப்பட்டன.