கிணற்றுக்கு முன்னால் இருந்த நாட்கள்

கோவில்பதாகையில் எங்கள் தெருக் குழாயடியில் ஒருநாள் நாளிதழ்ச் செய்தியொன்று பேச்சானது. பிள்ளைகளோடு கிணற்றில் குதித்த ஒரு தாய்; பிள்ளைகள் இறந்துபோக, அவர் மட்டும் பிழைத்துக்கொண்டார். "பெத்தவளா அவ?" என்றார் ஒரு அக்கா. "தூக்குல போடணும்" என்றார் இன்னொருவர். அந்தப் பெண்ணின் கணவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அன்று மதியம் வகுப்பில் நான் நடத்த வேண்டியிருந்தது நல்லதங்காள் கதை.

பஞ்சத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு வருகிறாள் நல்லதங்காள். அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவை அடைக்கிறாள். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். கதைப்பாடல் அவளைக் கொலைகாரி என்று சொல்வதில்லை. பசியையும் அவமானத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் கிணற்றுக்கு வருகிறது. வத்திராயிருப்பு பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலும் உண்டு. கதையில் வந்தால் கும்பிடுகிறோம், பக்கத்துத் தெருவில் நடந்தால் தூக்குக் கேட்கிறோம்.

சட்டம் குழாயடியைவிட நிதானமானது. 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டம், ஓர் உயிர் போனதாலேயே அதைக் கொலை என்று முடிவுகட்டவில்லை. கொலை என்றால் பிரிவு 302. தூக்கு, இல்லையேல் ஆயுள். கொலையாகாத மரணம் விளைவித்தல் என்றால் பிரிவு 304. அங்கே நீதிபதி தண்டனையைக் குறைக்க இடமுண்டு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் எண்கள் 103, 105 என மாறின, வேறுபாடு மாறவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வழக்கறிஞரின் உழைப்பில் பெரும்பகுதி இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான்.

கொலையிலிருந்து விலக்குத் தரும் காரணங்களில் முதலாவது, கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டல். 'திடீர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 1959இல் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதி இந்த விலக்கைத்தான் கோரினார். மனைவி உண்மையைச் சொன்னதற்கும் அவர் சுட்டதற்கும் இடையே ஏறக்குறைய மூன்று மணி நேரம் இருந்தது. மனம் அடங்க அது போதும் என்று 1961இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அப்படியானால் பத்து வருடம் அடிவாங்கியவளின் கதி? விடிந்தால் சமைக்கவும் துவைக்கவும் எழுந்துவிடுகிற அவளுடைய ஒவ்வொரு இரவும் 'மனம் அடங்கிய நேரம்' என்றே கணக்காகும். திடீர்க் கோபம் ஆணின் அனுபவத்தை அளந்து தைத்த சட்டை.

அந்தச் சட்டையைப் பிரித்துத் தைத்தது 1989இல் சென்னை உயர் நீதிமன்றம். கணவனின் கொடுமை தாளாமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த ஒரு பெண்ணின் மேல்முறையீடு அது. அவர் பெயர் சட்ட ஏடுகளில் இருக்கிறது. இங்கே அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. கீழ் நீதிமன்றம் அவரைக் கொலைக் குற்றவாளி என்றது. உயர் நீதிமன்றம் தொடர்ச்சியான ஆத்திரமூட்டல் என்ற கருத்தை ஏற்றது: பல நாள் பரவிக் கிடந்த கொடுமைகள் சேர்ந்து ஒருவரை உடைக்கலாம், கடைசியாக நடந்தது அற்பமானதாகக்கூட இருக்கலாம். தண்டனை 302இலிருந்து 304இன் முதல் பகுதிக்கு மாறியது. இத்தகைய வழக்குகளுக்குச் சட்ட உலகில் 'நல்லதங்காள் நோய்க்குறி' என்றே பெயர் நின்றுவிட்டது. அந்தப் பெயர் எனக்கு உறுத்துகிறது. நோய் வீட்டில் இருந்தது, அவரிடம் அல்ல.

"செத்த பிள்ளைங்களுக்காக யாரு மேடம் பேசுறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. நீதிமன்றம் அப்பெண்ணை நிரபராதி என்று விடவில்லை. குற்றத்தின் பெயரைத்தான் திருத்தியது. அந்த நாட்களைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் ஏன் செத்தார்கள் என்பதும் பாதிதான் தெரியும்.

பிள்ளைகளோடு தானும் சாகத் துணிந்தவளுக்கு இரங்குவது எளிது. கொடுமை செய்த கணவனையே கொன்றவளுக்கு? இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா 1989இல் கொலைக் குற்றவாளியானார். சவுதால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்புப் பெண்கள் தெருவில் நின்று போராடினார்கள். 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. பின்னர் கொலையாகாத குற்றமே ஏற்கப்பட்டு அவர் வெளியே வந்தார்.

விலக்கு உண்டென்று காட்டும் பொறுப்பைச் சாட்சியச் சட்டம் குற்றம் சாட்டப்பட்டவர் மேல் வைக்கிறது. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படித்தான் நடந்திருக்கக்கூடும் என்று காட்டினால் போதும். அரசுத் தரப்புச் சாட்சியின் வாயிலிருந்தேகூட அது வரலாம். மருத்துவமனைச் சீட்டு, காவல் நிலையத்தில் கொடுத்த பழைய புகார், அக்கம்பக்கத்தார் கேட்ட அலறல் எல்லாவற்றையும் தேடி எடுக்க ஒருவர் வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, வருமானம் எதுவானாலும் எந்தப் பெண்ணும் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். ஆயுளோ தூக்கோ கிடைக்கக்கூடிய வழக்கில் நீதிமன்றம் அமர்த்தும் வழக்கறிஞருக்குக் குறைந்தது பத்தாண்டு அனுபவம் வேண்டும், தயாராக ஏழு நாளாவது தர வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. குழாயடிக்கு வரவில்லை.

மறுநாள் நான் இதைச் சொன்னபோது தூக்குக் கேட்டவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தினம் சத்தம் கேட்டிருக்குமே, பக்கத்து வீட்டுல யாரும் போய்க் கேக்கலையா?" என்றார். நீதிமன்றத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்.