பக்கத்து வீட்டுக்கும் ஒரு பாடம்

1972இல் ஜப்பானில் வெளிவந்து பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற நாவல் ஒரு மருமகளின் கதை. அரியோஷி சவாகோ எழுதிய ‘கோகோட்சு நோ ஹிதோ’வில், டோக்கியோவில் வேலைக்குப் போகிற ஒருத்தி, மாமியார் இறந்தபோதுதான் மாமனாருக்குப் புத்தி தடுமாறியிருப்பதைக் கண்டுகொள்கிறாள். அவரைக் குளிப்பாட்டுவதும் ராத்திரியில் காவல் இருப்பதும் அவள் தலையில் விழுகின்றன. வீட்டுக்குள் பொத்திவைத்திருந்த விஷயத்தை அந்த நாவல் தெருவுக்குக் கொண்டுவந்தது; மறு வருஷமே படமாகவும் வந்தது. ஆனால் படித்தவர்கள் கண் கலங்கியதால் எந்த மருமகளுக்கும் ஒரு ராத்திரித் தூக்கம் கூடக் கிடைத்துவிடவில்லை. அதன்பின் அங்கே நடந்த அரை நூற்றாண்டுக் கதையைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது: பார்த்துக்கொள்கிறவருக்கு மட்டும் பாடம் நடத்திப் பயனில்லை, அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கும் நடத்தினால்தான் அவர் கொஞ்சம் மூச்சுவிடலாம்.

தொடங்கியவர்கள் குடும்பத்தார். 1980 ஜனவரியில் கியோட்டோவில் ஒரு சங்கம் கூடியது. அதன் பெயரை அப்படியே தமிழில் சொன்னால் ‘புத்தி மழுங்கிய முதியவர்களை வைத்திருக்கும் குடும்பங்களின் சங்கம்’ என்று வரும். இன்று எழுதக் கை கூசுகிறது. அன்று அவர்களிடம் இருந்த சொல் அதுதான். வீட்டில் நடப்பதை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்வதில் ஆரம்பித்து, அரசிடம் கோரிக்கை வைப்பது வரை அந்தச் சங்கம் வளர்ந்தது. 1990களில் முதியோர் பராமரிப்புக் காப்பீடு பற்றிய விவாதம் சூடுபிடித்தபோது, ஜெர்மனியைப் போலக் குடும்பத்தார் கையில் பணமாகக் கொடுக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். ஹிகுச்சி கெய்கோ போன்ற பெண்கள் இயக்கத்தார் அதை எதிர்த்தார்கள். பணம் வந்தால் ‘அதுதான் கூலி வருகிறதே’ என்று மருமகளைப் படுக்கையோரம் கட்டிப்போட்டுவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம். 2000 ஏப்ரலில் அமலுக்கு வந்த காப்பீடு, பணத்துக்குப் பதில் ஆள் உதவியையும் பகல் பராமரிப்பையும் தந்தது. அப்புறம் சொல்லும் மாறியது. 2004 அக்டோபரில் கியோட்டோவில் நடந்த சர்வதேச அல்சைமர் மாநாட்டில், நோய் வந்த ஜப்பானியர் ஒருவரே சொந்தப் பெயரில் மேடையேறிப் பேசினார். அதே வருஷம் டிசம்பரில் ‘மூடத்தனம்’ என்ற பொருள் ஒட்டியிருந்த ‘சிஹோ’வை அரசு கைவிட்டு, அறிதிறன் நோய் என்ற பொருளில் ‘நின்சிஷோ’ என்று வைத்தது.

மறு வருஷம், 2005இல், ஊருக்கான வகுப்பு தொடங்கியது. சுமார் 90 நிமிஷம்தான். வங்கிக் கவுன்டரில் இருப்பவர், கடைச் சிப்பந்தி, போலீஸ்காரர், பள்ளிப் பிள்ளைகள் என யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பாடத்தின் சாரம் மூன்று ‘கூடாது’கள்: திடுக்கிட வைக்கக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது, மானத்தைக் குலைக்கக் கூடாது. பின்னாலிருந்து கூப்பிடாதே, முன்னால் வந்து கண் பார்த்துப் பேசு. நாலு பேர் சூழ்ந்துகொள்ளாதே, ஒருவர் போதும். முடித்தவர்களுக்குக் கையில் மாட்டிக்கொள்ள ஆரஞ்சு நிற வளையம் கொடுத்தார்கள். நிலக்கரிச் சுரங்கத்தை 1997இல் இழந்து முதியவர்கள் மிகுந்துபோன ஓமுதா நகரம் அதற்கு முன்பே இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது. வழி தவறியவர் போல ஒருவர் நடிக்க, ஊரார் அவரைக் கண்டுபிடித்துப் பேச்சுக் கொடுக்கும் ஒத்திகையை அங்கே 2004 முதல் நடத்தினார்கள்.

ஒன்றரை மணி நேரத்தில் என்ன தெரிந்துவிடும் என்று கேட்கலாம். மருத்துவம் தெரியாது, உண்மைதான். ஆனால் ஒரே நாளில் நாலாவது முறையாகத் தயிர் வாங்க வந்த கிழவியிடம் முகம் சுளிக்காமல் இருக்கத் தெரிந்தால், அவர் வீட்டார் அவரைத் தனியே கடைக்கு அனுப்பத் துணிவார்கள். இதைவிடக் கனமான ஆட்சேபணை இன்னொன்று: அரசு தன் வேலையைச் சும்மா கிடைக்கும் தொண்டர்கள் தலையில் கட்டுகிறது என்பது. காப்பீடு இல்லாமல் வகுப்பு மட்டும் வந்திருந்தால் நானும் அப்படித்தான் சொல்வேன். 2018க்குள் ஒரு கோடிப் பேர் வகுப்பு முடித்த பிறகும், அறிதிறன் நோயுற்ற நிலையில் காணாமல் போனதாக 2023இல் போலீஸில் பதிவானவர்கள் 19,039 பேர். வகுப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை.

ஆனால் காவலை வீட்டாரிடம் மட்டும் விட்டால் என்ன ஆகும் என்பதை ஐச்சி மாகாணத்தின் ஓபு நகரத்து வழக்கு காட்டியது. 2007 டிசம்பரில், 85 வயது மனைவி சில நிமிஷம் கண்ணயர்ந்த நேரத்தில், அதே நோய் வந்த 91 வயதுக் கணவர் வெளியே போய் ரயிலில் அடிபட்டு இறந்தார். ரயில் நின்றதற்கு நஷ்டஈடாகச் சுமார் 72 லட்சம் யென்னை ரயில்வே நிறுவனம் குடும்பத்திடமே கேட்டது. வாசலில் ஆள் நடந்தால் ஒலிக்கும் மணி அணைத்துவைக்கப்பட்டிருந்தது. 2013இல் கீழ்க்கோர்ட் அதையும் குற்றமாக எண்ணி, மனைவியும் மூத்த மகனும் முழுத் தொகையையும் கட்டச் சொன்னது. மேல்முறையீட்டில் மகனை விடுவித்து, பாதித் தொகையை மனைவி மேல் வைத்தார்கள். மனைவி என்பதாலேயே ஒருவர் காவல் பொறுப்பாளர் ஆகிவிட மாட்டார் என்று 2016 மார்ச் 1இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, கோரிக்கையைத் தள்ளியது. தீர்ப்பு வந்தபோது அந்த அம்மாளுக்கு 93 வயது. விபத்து நடந்த காலத்திலேயே, பிறர் பராமரிப்பு தேவைப்படுபவர் என்று காப்பீட்டுப் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.