குறியேற்றம் தொலைந்த கோப்புகள்: தில்லி அரசுத் தரவுகளின் மேகப் பெயர்வு குறித்து

யூனிகோட் பரவும் முன் தில்லி அலுவலகங்களில் இந்திக் கோப்புகள் பலவும் கிருதி தேவ் போன்ற எழுத்துருக்களில்தான் தட்டச்சாயின. ரெமிங்டன் பொறியில் பழகிய விரல்களுக்கு அது கைவந்த விசைப்பலகை. இவ்வகை எழுத்துருக்கள் ரோமன் எழுத்துகளின் இடங்களில் தேவநாகரி வடிவங்களை அமர்த்தியவை. ‘இந்தி’ என்ற சொல்லைக் கிருதி தேவில் அடித்தால் வட்டில் பதிவது எஃப், ஜி, பெரிய யூ, என், எச் என்ற ஐந்து ரோமன் எழுத்துகளே. இகரக் குறி ஹகரத்துக்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் ஹகரம் முந்தும், குறி பிந்தும். அரை நகரம், நகரமும் விராமமுமாகப் பிரியும். மொத்தம் ஆறு குறியெண்கள். பாமினி எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு வந்த தமிழர்கள் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்போடு பட்ட பாடும் இதுதான்.

இந்த வரிசைச் சிக்கல் தீர்க்கக்கூடியது. அதற்கு மாற்றிகள் உண்டு. தீராத சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தேசியத் தகவலியல் மையத்தின் மேகராஜ் என்ற அரசு மேகச் சேவை 2014இல் தொடங்கியது. பழைய கோப்புகளை இத்தகைய மேகத்துக்குப் பெயர்க்கும்போது, ‘முதலில் தரவை ஏற்றிவிடுவோம், வடிவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பது எளிதில் எழும் யோசனை. நான் மறுப்பது இந்த வரிசையைத்தான். வேர்டு கோப்பில் எழுத்துருவின் பெயர் உள்ளேயே இருக்கிறது. அதே வாசகத்தைத் தரவுத்தளத்திலோ சிஎஸ்வி கோப்பிலோ வெற்று உரையாகக் கொட்டும்போது அந்தப் பெயர் உதிர்ந்துவிடுகிறது. பிறகு சிறிய ‘டி’ என்று பதிவான பைட் ஆங்கில எழுத்தா, இந்திக் ககரமா என்பதைப் பைட் சொல்லாது. இரு மொழியும் கலந்த குறிப்பாணை என்றால் ஊகத்தைத் தவிர வழியில்லை.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991இல் வெளியிட்ட இஸ்கி (ஐஎஸ் 13194) என்ற குறியேற்றத் தரம் இதை முன்பே யோசித்திருந்தது. பிராமி வழி எழுத்துகளுக்கெல்லாம் அதில் ஒரே அட்டவணை; தமிழ்க் ககரத்துக்கும் இந்திக் ககரத்துக்கும் ஒரே பைட். எது எந்த மொழியின் எழுத்து என்று காட்ட உரைக்குள்ளேயே ஒரு மாற்றுக்குறி வைத்தார்கள். அலுவலகங்களை ஆண்டதோ, அப்படி எந்தக் குறியும் இல்லாத எழுத்துருக்கள்.

இன்றைய மேக மென்பொருளில் இதற்கு நேர்மாறான ஒழுங்கைக் காணலாம். மேகத்தில் செயலிகளை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸ், தன் எட்சிடி தரவுத்தளத்தில் வைக்கும் ஒவ்வொரு பொருளிலும் அதன் பதிப்புப் பெயரை எழுதுகிறது. வடிவம் மாறினால் பழையதைப் படித்துத் திரும்ப எழுதினால் போதும். பயனர் வரையறுக்கும் வகைகளுக்கு, எந்தெந்தப் பதிப்புகளில் சேமிப்பு நடந்தது என்ற பட்டியலும் உண்டு. அதில் ஒரு பதிப்பின் பெயர் நிற்கும்வரை அப்பதிப்பை வரையறையிலிருந்து நீக்க முடியாது. படிக்கும்போதே மாற்றிக்கொள்ளும் இந்த வசதிக்கு அடிப்படை அந்தப் பெயர்ச்சீட்டுதான். சீட்டில்லாத கிருதி தேவ் பதிவுக்கு இம்முறை செல்லாது.

‘எல்லாவற்றையும் ஒரேயடியாக யூனிகோடாக்கிப் பழையதை அழித்துவிடலாமே’ என்பார்கள். செலவு குறையும், உண்மைதான். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 7, மின்பதிவை மூல வடிவத்தில், அல்லது மூலத்தைத் துல்லியமாகக் காட்டுவதாக நிறுவக்கூடிய வடிவத்தில் வைக்கச் சொல்கிறது. மாற்றத்துக்குத் தடையில்லை, நிறுவும் பொறுப்பு மாற்றியவர் தலையில். மூல பைட்டுகளும், மாற்றிய அட்டவணையும், அந்த மாற்றியின் பதிப்பும் கையில் இல்லாதவர் எதைக்கொண்டு நிறுவுவார்? பொது ஆவணங்கள் சட்டம் 1993 இன்னும் கண்டிப்பானது. கணினி உருவாக்கியவற்றையும் அது ஆவணமாகக் கொள்கிறது. விதித்த முறைக்கு மாறாக அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. மாற்றம் முடிந்ததென்று பழைய பைட்டுகளைத் துடைப்பது இச்சட்டத்தின் வரம்புக்குள் வரும் செயல் என்றே நான் வாசிக்கிறேன்.

எனவே, பதிவு அலுவலகக் கணினியை விட்டு வெளியேறும் முன்பே எழுத்துருவின் பெயர் தனிப் புலமாக அதனோடு சேர வேண்டும். அந்தக் கோப்பை அடித்தவர் அல்லது அவரோடு பணியாற்றியவர் இன்னும் பணியில் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும். மேகத்தில் ஏற்றிய பின் அந்தப் பெயரைக் கேட்டறிய ஆளிருக்காது.