பழவேற்காட்டு ஏரி ஊர்களும் குழல் விளக்குகளும்

பசியாவரம், திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரிக்குள் அமைந்த மீனவர் கிராமம். பழவேற்காட்டிலிருந்து நெடுங்காலம் படகில்தான் இவ்வூருக்குப் போக வேண்டியிருந்தது. உவர்நீர் சூழ்ந்து, உப்புக்காற்று வீசும் இத்தகைய ஊருக்கு எந்த விளக்கு ஏற்றது என்பதைப் பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

டியூப்லைட்

குழல் விளக்கினுள் பாதரச ஆவி உண்டு. மின்சாரம் பாயும்போது அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வெளியிடும். கண்ணாடியின் உட்புறம் பூசப்பட்ட வேதிப்பொடி அக்கதிரை வெண்ணிற ஒளியாக மாற்றும். இவ்விளக்கை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1938-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நம் வீடுகளில் நீண்டகாலம் எரிந்தது 38 மில்லிமீட்டர் தடிமனும் 4 அடி நீளமும் கொண்ட 40 வாட் குழல். டி12 என்பது அதன் பெயர். 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 700 லூமென் ஒளி தந்தபோது, இது 2,400 லூமென் அளவுக்குத் தந்தது. ஆனால் இரும்புச் சோக்கு தனியாக 10 வாட்டுக்கு மேல் விழுங்கும் என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. மின்னழுத்தம் குறைந்தால் ஸ்டார்ட்டர் திரும்பத் திரும்ப முயலும், குழல் மினுக்கிக்கொண்டே இருக்கும், முனைகள் கறுத்துப்போகும். எதையும் தாமதமாகப் புரிந்துகொள்பவரை 'டியூப்லைட்' என்று கேலி செய்யும் வழக்கம் இதிலிருந்துதான் வந்தது.

அடுத்து வந்த 26 மில்லிமீட்டர், 36 வாட் டி8 குழல் பழைய பட்டியிலேயே, பழைய சோக்கிலேயே பொருந்தியது. பின்னர் வந்த 16 மில்லிமீட்டர், 28 வாட் டி5 குழல் நீளத்தில் சற்றுக் குறைவு. எனவே அதற்குப் புதிய பட்டியும் எலக்ட்ரானிக் சோக்கும் தேவைப்பட்டன. மினுக்கல் நீங்கியது, மின்சாரமும் மிச்சமானது. ஆயினும் உப்பு ஈரம் புகுந்தால் எலக்ட்ரானிக் சோக்கின் மின்சுற்று அரித்துப்போகும். இரும்புச் சோக்கு முரடானது. கடற்கரையில் அது ஒரு தகுதியே.

சிஎஃப்எல்

குழலை மடித்து, சோக்கையும் அடியிலேயே பொருத்தி, பல்பு ஹோல்டரில் மாட்டும்படி செய்யப்பட்டது சிஎஃப்எல். 2009-இல் நடுவண் அரசின் பச்சத் விளக்குத் திட்டம் குண்டு பல்பைப் பெற்றுக்கொண்டு 15 ரூபாய்க்கு இதைத் தர வழிசெய்தது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில் வீட்டுக்கு 5 சிஎஃப்எல் விளக்குகள் என்று வகுக்கப்பட்டது.

சூரிய ஒளி விளக்குகளில்தான் இதன் அருமை தெரியும். அரசு மானியத்தில் பரவிய சூரிய லாந்தரில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியும் 7 வாட் சிஎஃப்எல்லும் இருந்தன. பேட்டரியின் கொள்ளளவு 84 வாட்-மணி. 60 வாட் குண்டு பல்பு அதை ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிடும். சிஎஃப்எல் பல மணி நேரம் தாங்கும்.

பாதரசம்

டி12, டி8, டி5, சிஎஃப்எல் ஆகிய அனைத்திலும் பாதரசம் உண்டு, அளவுதான் வேறு. சிஎஃப்எல்லில் பொதுவாக 5 மில்லிகிராமுக்குள் இருக்கும். பழைய தடித்த குழல்களில் அதைவிடப் பல மடங்கு. நீரடிச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும், அது மீனின் உடலில் சேரும். 1956-இல் ஜப்பானின் மினமாட்டாவில் முதலில் நோயுற்றவர்கள் கடலோர மீனவக் குடும்பத்தினர். அங்கே பாதரசத்தைக் கடலில் விட்டது ஒரு வேதிப்பொருள் ஆலை. சில விளக்குகளை அதனோடு ஒப்பிடுவது மிகை. என்றாலும் மீனை நம்பி வாழும் ஏரியில் உடைந்த குழலைப் போடலாகாது.

இதற்கு ஒரு மறுவாதமும் உண்டு. நிலக்கரி எரியும்போதும் பாதரசம் வெளியேறுகிறது. ஏரிக்குத் தெற்கே வடசென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது. குறைந்த மின்சாரத்தில் எரியும் விளக்கு அந்தப் பாதரசத்தைக் குறைக்கும் என்பார்கள். குண்டு பல்போடு ஒப்பிட்டவரை அவ்வாதம் சரியே. பாதரசமே இல்லாத எல்இடி, 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தால் மலிவாகப் பரவியதும் அது வலுவிழந்தது.

2016-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் பாதரச விளக்குகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது வைத்தன. படகுத்துறையைத் தாண்டி யார் வந்து பெறுவது என்பதுதான் சிக்கல். 2023-இல் கூடிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், 2027-க்குள் குழல் விளக்கு உற்பத்தியையும் ஏற்றுமதி, இறக்குமதியையும் நிறுத்த முடிவு செய்தன. ஏற்கெனவே பட்டிகளில் மாட்டியிருக்கும் குழல்கள் அதன் பிறகும் சில ஆண்டுகள் எரியும்.