பேய்க் கூட்டமும் காவல் தெய்வமும்

ஒரு சாரார் தம்மைக் காக்கும் தெய்வமென வணங்குவதை மற்றொரு சாரார் பேயென்று அஞ்சுவது உலக வரலாற்றிற் புதியதன்று. இவ்வச்சம் நம் காலத்திற் பெரிதும் குடிகொண்டிருக்கும் இடம் வெள்ளித்திரையாகும். காளியின் பெயரை முன்வைத்து எடுக்கப்பெற்ற இரு திரைப்படங்களையும், இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நிலவிவரும் வழிபாட்டையும் ஒருங்குவைத்து நோக்கின் இது தெளிவாகும்.

முதலாவது படம் 1959ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் தயாரித்தது. ‘பம்பாயின் கழுத்து நெரிப்போர்’ என்பது அதன் தலைப்பின் பொருள். நெறியாளர் தெரன்ஸ் ஃபிஷர், அதற்குமுன் 1957இல் பிராங்கன்ஸ்டைன் கதையையும் 1958இல் டிராகுலா கதையையும் வண்ணப் படங்களாக்கிப் புகழீட்டியவர். எனவே எதிர்பார்ப்புக்குக் குறைவில்லை. ஆனால் இப்படமோ சிறு செலவில், கறுப்பு வெள்ளையில், தேம்ஸ் நதிக்கரையில் உள்ள பிறே என்னும் சிற்றூரிலேயே எடுக்கப்பட்டது. காளியின் தலைமைப் பூசாரியாக நடித்தவர் சைப்பிரஸ் தீவிற் பிறந்த ஒருவர். கழுத்து நெரித்தலும் உறுப்பறுத்தலும் காட்சிக்குக் காட்சி வருகின்றன. எனினும், அக்கூட்டத்தார் யார், ஏன் அவ்வாறு வாழ்ந்தனர் என்ற வினாவுக்கு விடையில்லை. பார்ப்போருக்கு எஞ்சுவது அருவருப்பே, அச்சமன்று.

படத்திற்கு அடிப்படையாய் அமைந்தது ‘தக்கர்’ எனப்பட்ட வழிப்பறிக் கொலைஞரின் வரலாறு. இவர்களை ஒடுக்குதற்கென அமைந்த அரசாங்கப் பகுதியின் பொறுப்பை 1835இல் வில்லியம் ஸ்லீமன் ஏற்றார். பிடிபட்டோருட் பலர் முஸ்லிம்கள் என்பதை அவரே பதிவு செய்துள்ளார். ஆயினும், காளிக்குப் பலியிடும் ஓர் இரகசிய மதமென்ற கருத்தே நிலைத்தது. 1839இல் வெளிவந்த மெடோஸ் டெய்லரின் நாவல் அதனை ஐரோப்பிய வாசகரிடையே பரப்பியது. இக்கால ஆய்வாளர் பலர், தூக்குமேடைக்கு அஞ்சி அரசாங்கச் சாட்சிகளாய் மாறியோரின் வாக்குமூலங்களையே இக்கருத்து பெரிதும் சார்ந்துள்ளது எனவும், வறுமையும் வேலையிழந்த போர்வீரர் நிலையுமே வழிப்பறிக்குத் தக்க காரணங்கள் எனவும் கருதுகின்றனர்.

இப்பார்வை ஸ்லீமனோடு தோன்றியதுமன்று. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த இறொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில், அந்நாட்டு மக்கள் வணங்கிய ஆவிகளைச் சாத்தான் என்ற சொல்லாலேயே குறித்தார். தமிழுக்கு ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல் ஐயரும், 1849இல் திருநெல்வேலிச் சான்றோர் பற்றி எழுதிய நூலில் அம்மக்களின் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே வகுத்தார். சொல் ஒருமுறை நிலைபெற்றுவிட்டால், பின்வருவோர் நேரிற் பார்க்க வேண்டிய தேவையே இல்லாது போகின்றது.

அதே திருநெல்வேலியிலிருந்தும், மதுரை, திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்தும் பல்லாயிரவர் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்தனர். முதலிற் கோப்பிக்கும், 1869இற் கோப்பிச் செடியை இலைநோய் தாக்கத் தொடங்கிய பின்னர்ப் படிப்படியாகத் தேயிலைக்கும் உழைத்தனர். மன்னாரிற் கரையேறிக் காட்டுவழியே நடந்தோரில், காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். எஞ்சியோர் தம்முடன் கொணர்ந்த செல்வம் மாரியம்மனும் முனியாண்டியும் மாடசாமியுமே. புதிய தொழில் புதிய தெய்வங்களையும் தந்தது. தொழிற்சாலையிற் சுழலும் இயந்திரச் சக்கரத்தில் உழைப்பவரின் கை அகப்படாது காப்பவர் ரோதைமுனி. கவ்வாத்துக் கத்தி காலில் விழாது காப்பவர் கவ்வாத்துச்சாமி. சேவலும் சாராயமும் சுருட்டும் படைக்கப்படும் இத்தெய்வங்களின் தோற்றம் கொடியதே. ஆயினும் அக்கொடுமை நோயையும் விபத்தையும் நோக்கியது, வணங்குபவனை நோக்கியதன்று.

மாசி மாதத்திற் காமன் கூத்து ஆடப்படும் இரவு இதற்குத் தக்க சான்று. லயங்களுக்கு அருகிலுள்ள காமன் பொட்டலில் தப்பு முழங்க, தீப்பந்த வெளிச்சத்தில் தூதனும் வீரபத்திரனும் எமனும் ஆடிவருவர். குழந்தைகள் தாயின் சேலையைப் பற்றிக்கொள்வர். காமன் எரிவான், இரதி புலம்புவாள், பின்னர் அவன் உயிர்பெறுவான். செலவென்று பார்த்தால் ஹாமர் நிறுவனத்தின் சிறு செலவும் இதன்முன் பெருஞ்செலவே. எனினும் இங்கு அச்சம் உண்மையாய்ப் பிறந்து ஆறுதலாய் முடிகின்றது. வீரபத்திரனாய் வந்தவர் மறுநாட் காலை பெரட்டுக்களத்தில் நிற்கும் அயலவர் என்பதை எல்லோரும் அறிவர்.

இரண்டாவது படம் பெருஞ்செலவிலானது. இந்தியானா ஜோன்ஸ் வரிசையில், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் நெறிப்படுத்தி 1984இல் வெளிவந்தது. திரைக்கதையில் மாற்றம் கோரிய இந்திய அரசு அதற்கு இசைவளிக்கவில்லை. ஆகவே 1983ஆம் ஆண்டு ஏப்பிரலிற் படக்குழுவினர் கண்டிக்கு வந்தனர். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் ஓர் ‘இந்தியக் கிராமம்’ அமைக்கப்பட்டது. கிராமப் பெரியவராக நடித்தவர் சிங்கள நடிகர் டி. ஆர். நாணயக்கார. கதையோ மீண்டும் தக்கரும் காளியும் நரபலியுமே. கால் நூற்றாண்டு கடந்தும், செலவு பன்மடங்கு பெருகியும், பார்வை மட்டும் மாறவில்லை.

அவ்வாண்டு ஜூலையில் கண்டியிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. மலைநாட்டு மக்கள் கண்ட மெய்யான பயங்கரம் அதுவே. அதனை விளைத்தது எந்தக் காளி கோயிலும் அன்று. எந்த முனியும் அன்று. மனிதர் மனிதர்மேற் கொண்ட பகையே.

திரைப்படங்கள் மறக்கப்படலாம். ஆனால் அவற்றின் பார்வை, கல்வி கற்ற இளைஞர் தம் பாட்டனார் வணங்கிய முனியை நினைந்து நாணும்படி செய்யுமாயின், அவ்விழப்பு சிறிதன்று. கொழுந்தெடுக்கச் செல்லும் தாய் மலையோரத்துக் கல்லின்முன் ஒரு கணம் நின்று கைகூப்புகின்றாள். அட்டையும் பாம்பும் வழுக்குப் பாறையும் நிறைந்த மலையில், மாலையிற் பிள்ளைகளிடம் நலமே திரும்ப வேண்டும் என்பதே அவள் வேண்டுதல்.